ரேழிச் சுவரை எடுத்துவிட்டு ஷட்டர் போடலாமா?

கும்பகோணத்துப் பேரன்:
கும்பகோணத்தில் தாத்தா வீடு. திண்ணை, ரேழி (வாசலுக்கும் முற்றத்துக்கும் இடையிலான நடை), முற்றம், கூடம், இரண்டாம் கட்டு என்று தெருவிலிருந்து கொல்லை வரை நீளும். 2028 மகாமகத்துக்குள் முன்பக்கத்தைக் கடைகளாக்கி வாடகைக்கு விட வேண்டும் என்கிறார்கள் பங்காளிகள். திண்ணையையும் அதன் பின்னாலுள்ள ரேழிச் சுவரையும் எடுத்துவிட்டு மூன்று ஷட்டர் போடலாம் என்கிறார் காண்ட்ராக்டர். மேலே மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய காலத்து மரச்சட்டத் தளம். எனக்கு மனசு ஒப்பவில்லை. வாடகையும் வரவேண்டும், வீடும் நிற்கவேண்டும். வழி உண்டா?

தஞ்சை மேலவீதி:
தம்பி, சுவரில் கை வைக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். தேக்குச் சட்டங்கள் தெருவிலிருந்து உள்நோக்கி ஓடுகின்றனவா? அப்படியானால் அவற்றின் நுனி அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். இந்தத் தளத்தில் கம்பி கிடையாது. சட்டங்களின் மேல் சன்னச் செங்கல்லைக் குத்துவாக்கில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கியிருப்பார்கள். அத்தனை பாரமும் சுவருக்குத்தான் போகிறது. முட்டுக் கொடுக்காமல் சுவரை எடுத்தால் தளம் இறங்கிவிடும்.

ஷட்டர் ஆசையை விடுங்கள். ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவரை மட்டும் எடுத்தால் அதே அகலத்தில் கதவு கிடைக்கும், மேல் உத்தரம் அப்படியே இருக்கும்.

அப்புறம், தயவுசெய்து சிமெண்ட் பூசாதீர்கள். ஆற்றங்கரை ஊரில் பழைய சுவர் தரையிலிருந்து ஈரம் இழுக்கும். சுண்ணாம்பு அதை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துவிட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறும். சட்ட நுனி வரை போய்விட்டால் மரம் உளுத்துவிடும்.

மாயவரம் புடவைக்கடை:
நாங்கள் கடை வைத்திருப்பதும் இப்படி ஒரு வீட்டில்தான். முற்றத்தை ஷீட் போட்டு மூடிவிடாதீர்கள், தம்பி. பட்டின் நிறம் பார்க்க எல்லோரும் அங்கேதான் கொண்டுவந்து பிரிக்கிறார்கள். டியூப்லைட்டில் அரக்கும் மெரூனும் ஒன்றுபோலத் தெரியும். சூடும் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. ஐப்பசி மழைக்கு முன் முற்றத்து நீர்த்தாரையைத் தூர்வாரினால் போதும். தெருப்பக்கம் ஒரு கடை, தாழ்வாரத்தைச் சுற்றி இரண்டு என்று பிரித்துப் பாருங்களேன். திண்ணையும் இருக்கட்டும், துணைக்கு வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டாமா?

கும்பகோணத்துப் பேரன்:
பார்த்துவிட்டேன் ஐயா, சட்டங்கள் உள்நோக்கித்தான் ஓடுகின்றன. சுவரைத் தொடப்போவதில்லை. தாழ்வாரக் கடை யோசனையைப் பெரியப்பாவும் ஒத்துக்கொண்டார், நன்றி அக்கா. சுண்ணாம்பு வேலைக்கு ஆள் எங்கே பிடிப்பது?

தஞ்சை மேலவீதி:
பழைய கோயில்களில் திருப்பணி செய்யும் கொத்தனார்களைக் கேளுங்கள். சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றி ஊறவைக்கச் சொல்வார்கள், அவசரப்படுத்தாதீர்கள். தை பிறந்ததும் ஆரம்பித்தால் மழைத் தொந்தரவு இருக்காது.