புதுப்பிப்பு: ஆவணிக் கல்யாணத்துக்குப் பின் இலங்கைத் தேனிலவு

மன்னார்குடி ஜோடிக்காகப் போட்ட பழைய பதிவில் தெற்கே மிரிச கடற்கரை, மலைநாட்டில் ஹோர்ட்டன் சமவெளி என்று எழுதியிருந்தேன். அது தை மாதக் கல்யாணத்துக்குத்தான் சரி. ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று அடிப்பதால் மிரிசவில் கடல் கொந்தளிக்கும். ஹோர்ட்டனில் ‘உலக முடிவு’ (World's End) என்ற செங்குத்துப் பாறை விளிம்பு வரை நடந்தாலும் வெறும் மூடுபனிதான். யாலா வனவிலங்குப் பூங்காவின் முக்கியப் பகுதியும் செப்டம்பரில் பொதுவாக மூடியிருக்கும்.

அதனால் திருச்சியிலிருந்து கொழும்பு இறங்கி, நேரே பாறைக் கோட்டை உள்ள சிகிரியா. மலையேற்றத்துக்கு அதன் பக்கத்துப் பாறையான பிதுரங்கல போதும். விடியுமுன் டார்ச்சுடன் கிளம்பினால் முக்கால் மணி நேரம். அடிவாரத்தில் விகாரை இருப்பதால் தோள், முழங்கால் மூடிய உடை வேண்டும். கடைசியில் பாறை இடுக்கில் கையூன்றி ஏறணும். செருப்பு வழுக்கும், ஷூ போடுங்கள்.

யானை பார்க்க மின்னேரியா ஏரிப் பூங்கா. நம்மூர் ஏரி வற்றினால் புல் முளைக்குமே, அதே கதைதான்; அந்தப் புல்லுக்குத்தான் கூட்டம் கூட்டமாக வரும். நீர் வற்றாத வருஷம் புல்லும் இல்லை, யானையும் இல்லை. ஆகவே மின்னேரியாவா, பக்கத்துப் பூங்காவான கவுடுல்லவா என்று அன்று காலை ஜீப்காரரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மூன்று மணி வாக்கில் உள்ளே போகணும்.

கடலுக்குத் திருகோணமலை அருகே நிலாவெளி. அதன் எதிரே உள்ள புறாத் தீவில் பவளப்பாறை மேல் மிதிக்காதீர்கள்.

தலை தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் திருகோணமலைப் பக்கமும் டெல்டா மாதிரியே அடைமழை.