டானா 35 ஆக்சிலில் 4.88 கியர் போட்டால் பலம் கூடுமா?

மலையேறும் ஜீப்:
வணக்கம். என்னிடம் 1999ஆம் ஆண்டு ஜீப் ராங்ளர் டிஜே உள்ளது, 4.0 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். முன் ஆக்சில் டானா 30, பின் ஆக்சில் டானா 35, இரண்டிலும் கம்பெனியிலிருந்து வந்த 3.07 கியர் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற, எஞ்சின் பக்கத்துத் தண்டு 3.07 முறை சுற்றும்). 35 அங்குல டயர் மாட்டியதிலிருந்து, கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதையில் பாறை ஏறும்போது கிளட்ச்சை அரை மிதியில் வைத்தே ஓட்ட வேண்டியிருக்கிறது. கியரை 4.88 ஆக்கிப் பின்னால் லாக்கரும் (இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டும் கருவி) போட்டுவிட்டால் ஆக்சில் பலப்பட்டுவிடும் என்று ஒரு பட்டறையில் கூறினார்கள். அதை நம்பிச் செலவு செய்யலாமா?

கிரவுன்பினியன்:
வண்டி நன்றாக ஊரும்; ஆக்சிலின் பலம் கூடாது, சற்றுக் குறையவே செய்யும். உங்கள் முதல் கியர் 3.83, முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 2.72. இவற்றோடு 3.07ஐப் பெருக்கினால் 32 வருகிறது, 4.88ஐப் பெருக்கினால் ஏறத்தாழ 51. கிளட்ச் தொல்லை தீர்வதற்கு இதுவே காரணம். ஆனால் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் மாறாமல் விகிதத்தைக் கூட்ட வேண்டுமானால், அதைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனைத்தான் சிறிதாக்க முடியும். 4.10 கியரில் 41 பல் கிரவுன் வீலுக்கு 10 பல் பினியன் என்றால், 4.88இல் 39 பல்லுக்கு 8 பல்தான். பினியன் தலை மெலிகிறது, ஒரே நேரத்தில் கவ்வி நிற்கும் பற்களும் குறைகின்றன.

அதைவிட எனக்குக் கவலை தருவது லாக்கர்தான். அது இல்லாதவரை, பிடிப்பில்லாத சக்கரம் சுழன்று, மற்ற சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டைக் காப்பாற்றிவிடும். லாக்கர் பூட்டிய நிலையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால், முழு முறுக்கு விசையும் தரையில் இருக்கும் சக்கரத்தின் ஷாஃப்ட்டுக்கே போகும். டானா 35 ஷாஃப்ட்டின் முனையில் 27 ஸ்ப்லைன் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்)தான். உடைந்த ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஸ்ப்லைன் பள்ளங்கள் பிழிந்த துணியைப் போல முறுக்கிக் கிடந்தன. இந்த ஷாஃப்ட்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது ஒரு சி-கிளிப் (சி வடிவச் சிறு வளையம்) மட்டுமே என்பதால், ஷாஃப்ட் ஒடிந்தால் சக்கரமும் கூடவே வெளியே வந்துவிடலாம்.

ஷிம் தட்டு:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பணத்தைப் பின் ஆக்சிலை மாற்றுவதில் போடுங்கள். பழைய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்சிலில் 31 ஸ்ப்லைன் ஷாஃப்ட் இருக்கிறது, 1995 முதல் டிஸ்க் பிரேக்கும் உண்டு, வீல் போல்ட் அமைப்பும் உங்கள் ஜீப்பினுடையதே. இதிலும் சி-கிளிப்தான், பிராக்கெட்டுகளை வெட்டி வெல்டிங் செய்யவும் வேண்டும். ஆனாலும் ஷாஃப்ட் தடிமனில் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

விகிதத்தை 4.56 ஆக வையுங்கள். 9 பல் பினியன் கிடைக்கும், மேலே பெருக்கிப் பார்த்த ஊரும் விகிதமும் 47க்கு மேல் நிற்கும். முன்னேயும் அதே விகிதம் போட்டாக வேண்டும். உங்கள் டானா 30இல் பினியன் தாழ்வாக அமைந்திருப்பதால் முன்னோக்கிப் போகும்போது சுமை பல்லின் பலவீனமான பக்கத்தில் விழுகிறது. ஆகவே முன் லாக்கரை இப்போதைக்குத் தவிர்க்கலாம்.

பொருத்துபவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பினியன் ஆழத்துக்கு ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, பற்களுக்கிடையிலான தளர்வான பேக்லாஷை அங்குலத்தில் ஆயிரத்தில் 6 முதல் 10 பங்குக்குள் கொண்டுவந்து, பற்களில் மஞ்சள் பசை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுவதை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு பட்டறைக்குப் போய்விடுங்கள்.

மலையேறும் ஜீப்:
மிக்க நன்றி. பழைய வண்டிகள் பிரிக்கும் யார்டில் ஒரு எக்ஸ்ப்ளோரர் ஆக்சில் பார்த்தேன். ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் கவர் போல்ட்டில் தொங்கும் தகட்டில் 3எல்73 என்று இருக்கிறது. எடுக்கலாமா?

ஷிம் தட்டு:
தாராளமாக. 3.73 விகிதம், நடுவிலுள்ள எல், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதை ஓரளவு தடுக்கும் லிமிடெட் ஸ்லிப்பைக் குறிக்கிறது. இந்த ஆக்சிலில், கிரவுன் வீலைத் தாங்கும் கேரியரை மாற்றாமலேயே 4.56 கியர் ஏறும். உங்கள் டானா 30இல் அப்படி முடியாது, அதற்குத் தனிக் கேரியர் வாங்க வேண்டும்.