டிவியில் விற்கும் டிசைனர் உடை: மிஸ்ராஹி பெயருக்குக் கொடுக்கும் காசு தகுமா?

பில்லடெல்பியாக்காரி:
அமெரிக்காவில் டிவி வழியாகப் பொருள் விற்கும் க்யூவிசி சானலில் வரும், டிசைனர் ஐசக் மிஸ்ராஹியின் உடைகளை நான் வாங்குவேன் என்று இன்னொரு திரியில் சொன்னேன். "டிவியில் கூவி விற்கிறதெல்லாம் டிசைனர் உடையா? பெயரை ஒட்டி ஏமாற்றுகிறார்கள்" என்று ஒரு பதில் வந்தது. அதை அப்படியே விட மனசில்லாமல் தனித்திரி போடுகிறேன்.

மிஸ்ராஹி வாடகைக்கு எடுத்த முகம் இல்லைங்க. புரூக்ளினில் பிறந்தவர். அப்பா குழந்தைகள் உடை தயாரித்தவர். பார்சன்ஸ் டிசைன் கல்லூரியில் படித்து, பெரி எல்லிஸ், கால்வின் கிளைன் என்ற பெரிய டிசைனர்களிடம் வேலை பார்த்து, 1987-ல் சொந்த லேபிள் தொடங்கினார். விருதுகள், பத்திரிகை அட்டைகள், எல்லாம் வந்தன. லாபம் மட்டும் வரவில்லை. பின்னால் நின்று பணம் போட்ட ஷனெல் என்ற பிரெஞ்சு ஃபேஷன் கம்பெனி 1998-ல் கையை எடுத்துக்கொண்டதும் அந்த லேபிள் மூடிப்போனது. பிறகு 2003-ல் டார்கெட் என்ற அமெரிக்கச் சங்கிலிக் கடைகளுக்கு மலிவு விலையில் உடை வடிவமைத்தார். 2009 கடைசியில் க்யூவிசிக்கு வந்தார்.

மேடையில் நடக்கும் ஒல்லிப் பெண்களுக்குத் தைத்தவர், இப்போது என் மாதிரி இடுப்பும் வயிறும் உள்ளவர்களுக்குச் சட்டை வெட்டுகிறார். நேரலையில் அவரே வந்து, இந்தக் கழுத்தை ஏன் இவ்வளவு இறக்கினேன், இந்த நீலத்தோடு எந்தப் பச்சை சேரும் என்று விளக்குகிறார். எந்தப் பெரிய கடையில் டிசைனரே வந்து உங்களிடம் பேசுவார்? என்னைப் பொறுத்தவரை அவர் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான்.

கணக்கன்:
அந்தப் பதிலை எழுதியவன் நான்தான். அவர் திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை அக்கா. நீங்கள் கொடுக்கும் காசு யாருக்குப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

2011-லேயே அந்த பிராண்டை எக்ஸெல் பிராண்ட்ஸ் என்ற கம்பெனி வாங்கிவிட்டது. 2022-ல் அதில் பெரும்பங்கு டபிள்யூஹெச்பி குளோபல் கைக்குப் போனது. இந்தக் கம்பெனிகளின் தொழில் பெயரை உரிமம் விட்டு, விற்பனையில் ராயல்டி வாங்குவது. தைப்பது ஒருத்தர், விற்பது ஒருத்தர், பெயருக்குச் சொந்தக்காரர் இன்னொருத்தர். இத்தனை பேருக்கும் பங்கு போன பிறகு துணிக்கு என்ன மிஞ்சும்?

ஹால்ஸ்டன் என்ற அமெரிக்க டிசைனரை எடுத்துக்கோங்க. 1973-ல் தன் பெயரை நார்ட்டன் சைமன் என்ற கம்பெனிக்கு விற்றார். 1983-ல் ஜேசி பென்னி சங்கிலிக் கடைகளுக்காக மலிவு உடை போட்டதும், பெர்க்டார்ஃப் குட்மேன் என்ற பணக்காரக் கடை அவர் சரக்கை விற்பதையே நிறுத்திவிட்டது. கடைசியில் சொந்தப் பெயரில் ஒரு உடை வெளியிட அவருக்கே உரிமை இல்லாமல் போனது. 1990-ல் இறந்தார். 2015-ல் அதே க்யூவிசியில் அவர் பெயரில் ஒரு வரிசை வந்தது. செத்து 25 வருஷம் ஆன மனுஷன் எந்தக் கழுத்தை வெட்டினார்? அந்தப் பெயருக்குக் கூடுதல் காசு கொடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

பில்லடெல்பியாக்காரி:
ஹால்ஸ்டன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, எனக்கும் அது பிடிக்காது. ஆனால் உயிரோடு இருந்து, திரையில் வந்து நின்று, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிறவரையும் அதே கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் என்ற டிசைனர் 1992-ல் க்யூவிசிக்கு வந்தபோதும் இப்படித்தான் முகம் சுளித்தார்கள். பட்டு உடைகள் இரண்டே மணி நேரத்தில் 12 லட்சம் டாலருக்கு விற்றன. 1997-ல், உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தன் 'ராப் டிரெஸ்' (wrap dress) உடையை மறுபடி பெரிய கடைகளுக்குக் கொண்டுபோனார். தன்னை இன்னும் தேடுகிற பெண்கள் இருக்கிறார்கள் என்பதை அவருக்குக் காட்டியது டிவிதான்.

ஊசியும் நூலும்:
திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள் நான். பெயர் யாருடையதாகவும் இருக்கட்டும், சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள் என்பேன்.

தோள் தையலில் டேப் வைத்துத் தைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டேப் இல்லாத பனியன் துணி நாலு துவைப்பில் தோளில் இழுத்துக்கொண்டு தொங்கும். அப்புறம் பக்கத் தையல். துவைத்த பிறகு அது முன்பக்கமாக முறுக்கிக்கொண்டு வந்தால், துணியை ஒழுங்காக காம்பாக்ட் செய்யாமலோ (துவைத்தால் சுருங்காதபடி முன்கூட்டியே அழுத்திச் சுருக்காமலோ) அவசரத்தில் வெட்டியோ அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடிமடிப்பில் போடும் பேட்லாக் (flatlock) தையலை லேசாக இழுத்துப் பார்க்கணும். நூல் பட்டென்று அறுந்தால் இழுத்தால் நீளும் ஸ்பான்டெக்ஸ் துணிக்கு ஏற்ற நூல் போடவில்லை. ஒரே லைனில் காலையில் ஒரு பிராண்டு, மதியம் வேறொரு பிராண்டு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். தைக்கிற கை அதேதான். ஆர்டர் கொடுத்த பையர் என்ன ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) கேட்டான், எவ்வளவு கறாராக செக்கிங் கேட்டான் என்பதில்தான் வித்தியாசம்.

அதனால் கணக்கன் சொல்கிற மாதிரி ராயல்டி போனாலே துணி மட்டம் என்று முடிவு கட்ட முடியாது. ராயல்டியே இல்லாத மட்டத் துணியும் ஏராளமாகப் போகிறது.

ஸ்கார்பரோ அக்கா:
பிள்ளைகள், நீங்கள் எல்லாரும் துணியையும் கம்பெனியையும் பற்றியே கதைக்கிறீங்கள். வாங்கிற ஆளைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

எனக்கு மூட்டு வாதம். குளிர் காலத்தில மோல் முழுக்க நடந்து உடுப்புப் போட்டுப் பார்க்கிறது எனக்கு ஏலாத காரியம். எங்கட சைசில உடுப்பு வேணுமெண்டால் கடையில மூலையில இருக்கிற ஒரு ராக்கைக் காட்டுவினம், அதிலயும் கறுப்பும் நேவியும்தான். டிவியில அப்பிடி இல்லை. ஒரே சட்டையை மெல்லிய பிள்ளையும் போட்டுக் காட்டுது, என்ர உடம்புக்காரியும் போட்டுக் காட்டுறா. சின்ன சைஸ் தொடங்கி த்ரீ எக்ஸ் வரை அதே நிறம், அதே வெட்டு. தோளிலயிருந்து எத்தனை அங்குலம் நீளம் எண்டும் சொல்லுவினம். என்னை ஒரு வாடிக்கையாளராக மதிச்சு ஆரும் உடுப்புக் காட்டினது அங்கதான். அதுக்கு ரெண்டு காசு கூடக் குடுக்கிறதில எனக்கு வருத்தமே இல்லை, தம்பி கணக்கன்.

கணக்கன்:
அக்கா, நீங்கள் சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க மாட்டேன். கடைகள் உங்களை அப்படி நடத்துவது அநியாயம்.

ஆனால் அந்தத் திரையில் வேறு என்னென்ன ஓடுகிறது என்றும் பாருங்கள். ஓரத்தில் கடிகாரம். இந்த நிறம் தீர்ந்துபோச்சு, அந்த சைஸ் கொஞ்சம்தான் இருக்கு என்ற எச்சரிக்கை. இன்று ஒரு நாள் மட்டும் இந்த விலை. மொத்த விலையைச் சின்ன எழுத்தில் போட்டு, ஐந்தில் ஒரு தவணையைப் பெரிதாகக் காட்டுகிறார்கள். நிதானமாக யோசிக்கவிடாமல் செய்வதற்கென்றே அமைத்த திரை அது. திருப்பி அனுப்ப 30 நாள் தருகிறார்கள், சரி. ஆனால் அவர்கள் தரும் தபால் லேபிளை ஒட்டி அனுப்பினால் அந்தச் செலவைக் கழித்துக்கொள்கிறார்கள், முதலில் கட்டிய ஷிப்பிங் காசும் வராது. பிடிக்காத ஒரு டி-ஷர்ட்டுக்கு இரண்டு பக்கமும் தபால் செலவு உங்கள் தலையில்.

மதுரைமல்லி:
நான் கணக்கன் பக்கம்தான், ஆனால் காரணம் வேறு.

என் மாமியார் எங்களோடு இங்கே இருக்கிறார். நாங்கள் வேலைக்குப் போனால் நாள் முழுக்கத் தனியாக இருப்பார். டிவியில் விற்கும் ஒரு சானல், எதென்று சொல்ல வேண்டாம், அதுதான் அவருக்குப் பேச்சுத்துணை. தொகுப்பாளினி இன்று என்ன நகை போட்டிருக்கிறாள், அவள் நாய்க்குட்டிக்கு உடம்பு தேவலையா என்றெல்லாம் எங்களிடம் சொல்வார். அலமாரியில் பிரிக்காத பெட்டிகள். அதில் ஒரு டிசைனர் பெயர் போட்ட ஸ்வெட்டர், முதல் துவைப்பிலேயே உருண்டை உருண்டையாக நூல் திரண்டுவிட்டது. திருப்பி அனுப்பலாம் அத்தை என்றால், "பாவம், அந்தப் பிள்ளை அவ்வளவு ஆசையாச் சொன்னாளே" என்கிறார். சினேகிதி மாதிரி பேசி விற்கும்போது, வாங்குகிறவர் பொருளைப் பார்த்து வாங்குவதில்லை. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஸ்கார்பரோ அக்கா:
மல்லி, அது மனசுக்குக் கஷ்டம்தான் பிள்ளை. ஆனால் அவவுக்கு அந்தச் சானலை நிப்பாட்டினால் வேற என்ன இருக்கு? கார்டை மட்டும் நீங்கள் வைச்சுக்கொள்ளுங்கோ, பார்க்க விடுங்கோ. பின்னேரத்தில பக்கத்தில இருந்து, என்ன காட்டினவை எண்டு கேளுங்கோ. அவ தேடுறது உடுப்பை இல்லை எண்டு எனக்குத் தெரியும், நானும் பகல் முழுக்கத் தனிய இருக்கிறவள்தான்.

மதுரைமல்லி:
கார்டை வாங்கினால் அவமானமாக நினைப்பார் அக்கா. தன் காசு, தன் விருப்பம் என்பதுதான் அவருக்கு மிஞ்சியிருப்பது. கேட்டுப் பார்க்கிறேன்.

ஊசியும் நூலும்:
அந்த ஸ்வெட்டர் லேபிளில் என்ன போட்டிருக்கிறது மல்லி? அமெரிக்காவில் இழைகளின் சதவீதத்தை லேபிளில் போட்டே ஆகணும். அக்ரிலிக்கோ விஸ்கோஸோ அதிகமாக இருந்தால் நூல் திரளத்தான் செய்யும், எந்த டிசைனர் வந்தாலும் தடுக்க முடியாது. பில்லடெல்பியாக்காரி, உங்கள் மிஸ்ராஹி சட்டை லேபிளையும் சொல்லுங்கள்.

பில்லடெல்பியாக்காரி:
எடுத்துப் பார்த்தேன். அதிகமாக வாங்கியது பிமா (நீள இழைப் பருத்தி) சட்டைகள்தான். தோளில் டேப் இருக்கிறது, பக்கத் தையல் நேராக நிற்கிறது. ஒரு பேன்ட் மட்டும் ரேயான் கலந்தது, அது முட்டியில் தளர்ந்திருக்கிறது.

ஊசியும் நூலும்:
பருத்தி நல்லது. ரேயான் பேன்ட்டை டிரையரில் போடாதீர்கள், நிழலில் கிடைமட்டமாகப் பரப்பிக் காயவிடுங்கள். தொங்கவிட்டால் இன்னும் இழுக்கும்.

கணக்கன்:
சரி, துணி நல்ல துணி, ஒத்துக்கொள்கிறேன். அதே சானல் தன் சொந்த பிராண்டில் இதே மாதிரி பருத்திச் சட்டை விற்கிறதே, விலை எவ்வளவு வித்தியாசம்? நேர்மையாகச் சொல்லுங்கள் அக்கா.

பில்லடெல்பியாக்காரி:
மிஸ்ராஹி சட்டை விலை கூடத்தான், மறைக்கவில்லை. அந்தக் கூடுதலை நான் நிறத்துக்கும் கழுத்து வெட்டுக்கும் கொடுக்கிறேன். சானல் பிராண்டுச் சட்டையும் என்னிடம் இருக்கிறது, வீட்டில் போட்டுக்கொள்வேன். ஆபீஸுக்கு இதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.

கணக்கன்:
என் வீட்டம்மாவுக்கு அந்தச் சானல் பிராண்டுச் சட்டையே போதும். அதன் சைஸ் சின்னதாக வருமா, சரியாக வருமா?

பில்லடெல்பியாக்காரி:
கொஞ்சம் தாராளமாக வரும். ஒரு சைஸ் குறைத்து எடுங்கள்.