ஐந்து வயதுப் பிள்ளையோடு நடக்க நிழலான பாதை எங்கே?

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, தெரியும். ஆனால் ஞாயிறு காலையில் பிள்ளைகளோடு இரண்டு மூன்று கிலோமீற்றர் நடக்கவாவது ஒரு பாதை வேண்டும். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. இருப்பது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கார் இருக்கிறது.

போன மாதம் மணற்காட்டுக்குப் போனோம். மணலில் புதைந்துகிடக்கும் பழைய அந்தோனியார் கோயிலைப் பார்த்ததும் மகன் துள்ளிக் குதித்தான். சவுக்கங்காட்டுக்குள்ளும் சுகமாகத்தான் இருந்தது. வெளியே வந்தபோது பத்து மணி, மணல் கொதிக்கத் தொடங்கிவிட்டது. செருப்புக்குள் சூடுமணல் புகுந்து மகள் அழ, மிச்சத் தூரம் முழுக்க என் தோளில்தான். பிழை என்னுடையது, விடியவே வெளிக்கிட்டிருக்க வேண்டும்.

காரைநகர் கசூரினாவில் கடலைக் கண்டதும் நடை குளிப்பாக மாறிவிட்டது. காட்டுக் குதிரைகளைப் பார்க்க நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகேறினோம், பாதி வழியில் சின்னவள் சத்தி எடுத்தாள். அப்புறம் குதிரையாவது ஒன்றாவது! சுண்டிக்குளம் இன்னும் போகவில்லை, பறவைகளுக்காக ஆசைதான், ஆனால் வெட்டவெளி.

காரில் ஒரு மணி நேரத்துக்குள், மர நிழலோடு, ஐந்து வயதுப் பிள்ளை தானாகவே நடந்து முடிக்கக்கூடிய பாதை எது? உங்கள் பிள்ளைகளோடு நடந்து பார்த்த இடமாகச் சொல்லுங்கள்.