தாவரப் பெயரின் இரண்டாம் சொல்லுக்கு ‘இனச்சுட்டு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

செடிகளின் அறிவியல் பெயர் இரண்டு சொல்லால் ஆனது. முதற்சொல் பேரினத்தை, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் (species) தொகுதியைக் (genus) குறிக்கும். இரண்டாவதாக வரும் சொல் அந்தப் பேரினத்துள் எந்தச் சிற்றினம் என்று காட்டும். இந்த இரண்டாம் சொல்லைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்குச் ‘சிற்றினப் பெயர்’, ‘சிற்றின அடைமொழி’ என இரண்டு பரிந்துரைகள் இந்த இழையில் வந்திருக்கின்றன. நான் மூன்றாவதாக ‘இனச்சுட்டு’ என்பதை முன்வைக்கிறேன்.

‘சிற்றினப் பெயர்’ தாவரவியலுக்குச் சரிவராது. மாமரம் மாஞ்சிஃபெரா இண்டிகா. புளியமரம் டாமரிண்டஸ் இண்டிகா. ‘இண்டிகா’ என்று மட்டும் சொன்னால் மாவா, புளியா? இரண்டு சொல்லும் சேர்ந்ததுதானே சிற்றினத்தின் பெயர்?

‘அடைமொழி’ நல்ல சொல்தான். ஆனால் அடைமொழி என்றதும் அது பொருளின் தன்மையைச் சொல்லும் என்று எதிர்பார்ப்போம். இந்த இருசொல் முறையை நிலைநாட்டிய சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் செய்த பெரிய காரியமே அந்த எதிர்பார்ப்பை உடைத்ததுதான். அவருக்கு முன்னால் செடியின் பெயரும் அதன் விளக்கமும் ஒன்றாகவே இருந்தன. நம் சொடக்குத் தக்காளியின் நெருங்கிய உறவான ஒரு செடிக்கு வழங்கிய இலத்தீன் பெயரைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘ஓராண்டு வாழ்வது, மிகக் கிளைப்பது, கிளைகள் கோணமாகவும் வழவழப்பாகவும் உள்ளது, இலை விளிம்பு பல் போன்றது.’ அதே பேரினத்தில் இன்னொரு செடி கிடைத்தால், வேறுபாடு காட்ட இந்தத் தொடரை இன்னும் நீட்ட வேண்டும். லின்னேயஸ் அந்தச் செடியை ‘ஃபைசாலிஸ் அங்குலேட்டா’ என்று முடித்துவிட்டார்.

இந்தச் சுருக்கம் பிறந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1749-இல் சுவீடனின் உப்சாலாவில், லின்னேயஸின் மேற்பார்வையில் வெளிவந்த ‘பான் சுவெசிகஸ்’ என்ற ஆய்வேடு, சுவீடனின் செடிகளில் எதை மாடு தின்னும், எதை ஆடும் குதிரையும் பன்றியும் தின்னும் என்று பதிவு செய்தது. மேய்ச்சல் வெளியில் நின்று குறிப்பெடுப்பவர் பத்துப் பன்னிரண்டு சொல்லில் பெயர் எழுதி மாளாது. பேரினப் பெயரோடு ஒரே ஒரு சொல் போதும் என்ற வழக்கம் அங்கே கைகொடுத்தது. 1753-இல் ஏறத்தாழ 6000 தாவரங்களைத் தொகுத்த ‘ஸ்பீசீஸ் பிளான்டாரம்’ நூலில் அந்த ஒற்றைச் சொற்களை லின்னேயஸ் பக்க ஓரத்தில் அச்சிட்டார். முறையான பெயர் என்று அவர் கருதியது நீண்ட தொடரைத்தான். உலகம் ஓரத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டது. தாவரப் பெயரிடலுக்கு இன்றும் அந்த நூலே தொடக்கப் புள்ளி.

ஓரத்துச் சொல் எதையும் விளக்க வேண்டியதில்லை. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து செடிகளைத் திரட்டினார். அவரைச் சிறப்பித்துக் கறிவேப்பிலைக்கு ‘பெர்கெரா கோனிகியை’ என்று லின்னேயஸ் பெயரிட்டார். கோனிகியை என்பதில் இலையும் இல்லை, மணமும் இல்லை. பின்னால் பேரினம் முராயா ஆனபோதும் கோனிகியை அப்படியே நின்றது. புளியின் தாயகம் ஆப்பிரிக்கா. அதற்காக இண்டிகாவை யாரும் மாற்றவில்லை. விளக்கம் தவறானாலும் சுட்டும் வேலை நடக்கிறது.

தமிழில் இதற்கான சொல் முன்பே இருக்கிறது. ‘இனச்சுட்டு இல்லாப் பண்புகொள் பெயர்க்கொடை வழக்காறு அல்ல’ என்கிறது தொல்காப்பியம். செந்தாமரையில் ‘செம்மை’ வெண்தாமரையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதால் அது இனச்சுட்டு. செஞ்ஞாயிற்றுக்கு அந்த வேலை இல்லை, ஏனென்றால் வேறு நிற ஞாயிறு கிடையாது. ஒத்தவற்றுள் ஒன்றைப் பிரித்துக் காட்டுவதுதான் இங்கும் நமக்கு வேண்டியது.

‘சுட்டு’ என்றால் மாணவர்களுக்கு அ, இ, உ நினைவுக்கு வரும் என்ற தடை எழலாம். முன்னால் ‘இனம்’ நிற்பதால் குழப்பம் வராது. தமிழகப் பாடநூல்களில் ‘சிற்றினம்’, இலங்கையில் ‘இனம்’ என்று வழங்குவதற்கும் இந்த ஒரே சொல் பொருந்தும்.

எனக்குத் தெளிவாகாத இடம் விலங்கியல். அங்கே விலங்குகளுக்குப் பெயரிடுவதற்கான பன்னாட்டு விதித்தொகுப்பே இரண்டாம் சொல்லைப் பெயர் என்றுதான் அழைக்கிறது. இரு துறைக்கும் இனச்சுட்டையே வைப்பதா, விலங்கியலுக்கு மட்டும் ‘சிற்றினப் பெயர்’ என்று விடுவதா? விலங்கியல் கற்பிப்பவர்கள் சொல்லுங்கள். அதன்பின் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம்.