பாங்காக் 4 நாள்: போட்டு வைத்த கணக்கு எங்கே இடித்தது?

மேட்டூர்வாசி:
அப்பா, அம்மா, நான் மூவரும் போன மாதம் போய் வந்தோம். டிக்கெட், அறை எல்லாம் இங்கேயே கட்டியாச்சு. அங்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,000 பாட் என்று வைத்தேன், சாப்பாட்டுக்கும் சுற்றுவதற்கும் அது தாராளம். பாதியை இங்கேயே மாற்றிக்கொண்டேன், மீதியை அங்கே ஏடிஎம்மில் எடுத்தேன். இடித்தது அங்கேதான். நிறையப் பணம் கையில் வைத்துக்கொள்ளப் பயந்து 2,000, 2,000 ஆக மூன்று தடவை எடுத்தேன். வெளிநாட்டு அட்டை என்றால் ஒவ்வொரு தடவையும் 220 பாட் பிடிக்கிறார்கள். 2,000 எடுத்தாலும் 20,000 எடுத்தாலும் அதே 220தான். மூன்றாவது தடவை பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள், ரூபாயிலேயே கணக்குப் போடட்டுமா என்று திரையில் வந்தது, ரூபாய் என்று பார்த்ததும் ஆம் என்று அமுக்கிவிட்டேன். அதில் பாட்டின் விலையை இன்னும் ஏற்றிப் போட்டிருந்தார்கள். அதை விட்டாலும், கட்டணம் மட்டுமே 660 பாட். அன்று காலையில்தான் இளநீர் 60 பாட் என்றதும் அப்பா "எனக்குத் தாகமில்லப்பா" என்று நகர்ந்து போனார். 11 இளநீர்க் காசு. இன்னும் உறுத்துகிறது.

தேன்மொழி ஈரோடு:
எங்களுக்கு இடித்தது பாங்காக் பெரிய அரண்மனை வாசலில். "இன்று மூடியிருக்கிறது" கதைதான், எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நானும் படித்துவிட்டுத்தான் போனேன், அப்படியும் ஏமாந்தோம். ஏனென்றால் வந்தவர் ஆட்டோக்காரர் மாதிரி இல்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஏதோ அடையாள அட்டை. இன்று பூசை இருக்கிறது, வெளிநாட்டவருக்கு மதியத்துக்கு மேல்தான் என்று நிதானமாகச் சொன்னார். எங்கள் கையில் இருந்த வரைபடத்தை வாங்கி, நீலப் பேனாவால் மூன்று கோயில்களைச் சுற்றி வட்டம் போட்டார். டுக்டுக்கில், அதாவது அந்த ஊர் ஆட்டோவில், 40 பாட் போதும் என்றார். முதல் கோயில் நிஜக் கோயில். இரண்டாவது நிறுத்தம் தையற்கடை. குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, துணியை விரித்து, வீட்டுக்காரருக்கு அளவே எடுத்துவிட்டார்கள். கோட்டுக்கு முன்பணம் 3,000 பாட். திரும்பி அரண்மனைக்கு வந்தபோது மணி 3.40. டிக்கெட் 3.30 வரைதான்.

கணக்குப்பிள்ளை:
மேட்டூர் தம்பி, 2,000 ஆக எடுத்தது உங்கள் தப்பு, வங்கியைச் சொல்லிப் பயனில்லை. என்னிடம் கூட அருண் கோயிலுக்கு அக்கரை போக ஒருவர் தனிப் படகுக்கு 1,500 பாட் கேட்டார். பக்கத்துத் துறையிலேயே 5 பாட்டுக்கு ஓடம் போகிறது. அவரைத் தாண்டி நடந்து போய் ஏறினேன், அவ்வளவுதான் என் கதை.

இனிப் போகிறவர்கள் கேளுங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படும் கவுண்டரில் பணம் மாற்றாதீர்கள். கீழ்த்தளத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கவுண்டர்களில் நல்ல விலை கிடைக்கும். அதே ரயிலில் 45 பாட்டுக்கு நகருக்குள் இருக்கும் பாயா தாய் நிலையம் வரை அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அரண்மனைக்கு டாக்சியே வேண்டாம். மேம்பால ரயிலில் சபான் தக்சினில் இறங்கினால் கீழேயே படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு 16 பாட். நீலக் கொடி சுற்றுலாப் படகு, அதற்குக் காசு கூட. தா சாங் துறையில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான். அரண்மனை 500, வாட் போ கோயில் 300, அருண் கோயில் 200, ஆக நுழைவுக்கு மட்டும் ஆளுக்கு 1,000 பாட் தனியாக ஒதுக்குங்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டையோடு போனால் அரண்மனைக்குள் விட மாட்டார்கள், அங்கேயே துணி வாங்க வேண்டி வரும். வருகைப் படிவத்தை 2025 மே முதல் இணையத்திலேயே நிரப்ப வேண்டும், அது இலவசம். காசு கேட்டால் போலித் தளம் என்று அர்த்தம்.

வடசென்னை ராஜி:
கணக்குப்பிள்ளை சார், நீங்கள் தனியாளாகப் போனீர்கள் போல. நாங்கள் ஐந்து பேர், நான்கு பெட்டி, அம்மாவுக்கு முழங்கால் வலி. ரயிலுக்கு 45 வீதம் 225, அப்புறம் பாயா தாயில் மாறி இன்னொரு ரயில், அங்கிருந்து அறைக்கு வேறு வண்டி. பெரிய டாக்சியில் மீட்டர், விமான நிலையத்துக்கான கூடுதல் கட்டணம், விரைவுச் சாலைச் சுங்கம் எல்லாம் சேர்த்து 500-க்குள் அறை வாசலிலேயே இறங்கினோம். வயதானவர்களோடு போகிறவர்களிடம் படகு, ரயில் என்று அடுக்குவது சரியில்லை. ஆடும் படகில் அம்மா எப்படிக் கால் வைப்பார்?

என் கணக்கு இடித்தது விடுதியில். உள்ளே நுழையும்போதே 2,000 பாட் வைப்புத்தொகை ரொக்கமாகக் கேட்டார்கள். நான் அதைக் கணக்கில் வைக்கவில்லை, முதல் நாளே கை காலியானது போல ஆகிவிட்டது. கிளம்பும் நாள் திருப்பித் தரும்போது 500 குறைத்தார்கள். ஏன் என்றேன். அந்தப் பெண் ஒரு வெள்ளைத் துண்டை மேசையில் விரித்தாள். அம்மா மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு முகம் துடைத்த தடம், ஐந்து விரலும் தெரிகிற மாதிரி. அம்மா ஒன்றும் பேசாமல் துண்டை எடுத்து, நான்காக மடித்து, அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். ஊர் வரும் வரை பேசவில்லை. 500 பாட்டைவிட அந்த மடிப்புதான் எனக்கு மறக்கவில்லை.

பல்லடம் சைவம்:
சாப்பாட்டை யாரும் சொல்லவில்லையே. நாங்கள் சுத்த சைவம். தெருக்கடையில் 60 பாட் என்று கணக்குப் போட்டுப் போனால் எதை எடுத்தாலும் மீன் சாறு. இரண்டு நாள் இந்திய உணவகத்தில் ஒரு வேளைக்கு ஆளுக்கு 300 கொடுத்தோம். நவராத்திரி சமயம், சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1870-களில் நம் தமிழர்கள் கட்டியது, ஊர்க்காரர்களுக்கு அது "வாட் கேக்". வெளியே தெருவெல்லாம் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து. சீனர்களின் 9 நாள் சைவ விரதமும் அப்போதுதான் வருகிறது. அந்த எழுத்துக்கு உச்சரிப்பு "ஜே": இறைச்சி, மீன், முட்டை, பால் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. கொடி இல்லாத ஒரு கடையில் கை கூப்பி "ஜே" என்றேன். அந்தப் பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மீன் சாறு பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தார். வாணலியைக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவினார். வரிசையில் ஆள் நிற்கும்போதே. தட்டு 60 பாட்தான். மிச்சச் சில்லறையை வைத்துக்கொள்ளச் சொன்னேன், வாங்கவில்லை.

மேட்டூர்வாசி:
தேன்மொழி அக்கா, முன்பணம் திரும்பக் கிடைத்ததா?

தேன்மொழி ஈரோடு:
இல்லை தம்பி. கோட்டை அன்று ராத்திரியே அறைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள், வீட்டுக்காரர் கல்யாணங்களுக்குப் போட்டுக்கொண்டும் போகிறார். அது போகட்டும். எங்களோடு அப்பாவும் வந்திருந்தார், ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அரண்மனைக் கோயிலின் சுற்று மண்டபத்தில் அந்த ஊர் ராமாயணத்தை 178 சுவரோவியங்களாக வரைந்திருக்கிறார்கள், அதற்காகத்தான் வந்தார். அவர்கள் கதையில் அனுமனுக்குக் காதல் உண்டு என்று வழியெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் விடியற்காலை விமானம். மூடின கதவுக்கு வெளியே நின்று, மதிலுக்கு மேலே தெரிந்த பொன் கோபுரத்தை நோட்டில் வரைந்துகொண்டார். அந்த நோட்டிலேயே நீல வட்டம் போட்ட வரைபடத்தையும் மடித்து வைத்திருக்கிறார். நான்தான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.