பித்தளை விளக்கில் என்எஃப்சி ஸ்டிக்கர் வேலை செய்யவில்லை: கியூஆருக்கே திரும்பிவிடலாமா?

நாச்சியார்கோவில் பட்டறை:
வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குத்துவிளக்கு வார்க்கிறோம். புவிசார் குறியீடு பெற்ற ஊர் என்று வாயால் சொன்னால் போதாது. இந்த விளக்கு எந்தப் பட்டறையில், எந்த மாதம், எத்தனை கிலோவில் வார்த்தது என்பதை வாங்குகிறவர் போனிலேயே பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் பீடத்தின் அடியில் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டினேன். கார்த்திகைக்கு ஒரு வீட்டில் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், சுருண்டு கையோடு வந்துவிட்டது. அப்புறம் போனை அருகில் கொண்டுபோனாலே இணையப் பக்கத்தைத் திறக்கிற என்எஃப்சி ஸ்டிக்கர் 10 வாங்கினேன். மர மேசையில் வைத்தால் போன் பட்டென்று பக்கத்தைத் திறக்கிறது. பீடத்தில் ஒட்டினால் ஒன்றுமே இல்லை. பிய்த்து மேசையில் வைத்தால் மறுபடி வேலை செய்கிறது! ஸ்டிக்கரில் பழுதா? பக்கத்தில் இருக்கும் போன்களுக்குத் தானாகச் சிக்னல் அனுப்புகிற ப்ளூடூத் பீக்கன் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறதாமே, அதற்குப் போகலாமா?

தஞ்சாவூர், போன் சர்வீஸ்:
தம்பி, ஸ்டிக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. பித்தளைதான் காரணம். அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. போன் விடுகிற 13.56 மெகாஹெர்ட்ஸ் காந்தப்புலத்திலிருந்துதான் அது சக்தி எடுக்கிறது. பின்னால் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அந்தப் புலத்தையே எதிர்த்து அடக்கிவிடும். விளக்குக்கும் ஸ்டிக்கருக்கும் நடுவே ஒரு விரல் தடிமன் தெர்மாகோல் வைத்துப் பாருங்கள், படிக்கும்.

கடையில் 'ஆன்ட்டி மெட்டல் டேக்' என்று கேளுங்கள். காந்தப்புலம் பித்தளைக்குள் போகாமல் தடுக்கிற ஃபெரைட் தாளை அடியில் வைத்து வரும். அதையும் பீடத்தின் குழிவுக்குள் ஒட்டாதீர்கள், சுற்றிலும் பித்தளை வளையம் இருந்தால் சிரமம்தான். ஐபோன் என்றால் மேல் விளிம்பைக் காட்ட வேண்டும். ஆப் இல்லாமல் தானாகப் படிப்பது 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல்தான்.

பீக்கன் உங்களுக்கு வேண்டாம். அதற்குப் பேட்டரி மாற்ற வேண்டும். ஆண்ட்ராய்டில் பக்கத்துப் பீக்கனை அறிவிப்பாகக் காட்டிய வசதியை கூகுள் 2018 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது, இப்போது தனி ஆப் இல்லாமல் பயனில்லை.

கும்பகோணம் பாத்திரக்கடை:
தம்பி, எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பலருடைய போனில் என்எஃப்சியே இல்லை. விளக்கு வாங்க வருகிற அம்மாக்களுக்குத் தெரிந்தது கியூஆர்தான், பணம் கட்டிப் பழகிய கை. அதை விட்டுவிடாதீர்கள்.

மயிலாடுதுறை, லேசர் வேலை:
பாத்திரக்கடை அக்கா சொல்வது சரி. ஆனால் ஸ்டிக்கர் வேண்டாம், பொறித்துவிடுங்கள். 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் கியூஆரை உருவாக்கியதே வாகனத் தொழிற்சாலையில் உதிரிபாகங்களைக் கண்காணிக்கத்தான்.

மெருகேற்றிய பித்தளையில் பொறித்தால் வெளிச்சம் பட்டுக் கண் கூசும், கேமரா திணறும். அந்த இடத்தை மட்டும் மெருகு போடாமல் மங்கலாக விட்டு, குறி கருமையாக விழும்படி பொறிக்கச் சொல்லுங்கள். கருப்புத் தரையில் வெள்ளைக் குறி வேண்டாம், சில போன்கள் படிக்காது. குறியைச் சுற்றிலும் அதன் சிறு கட்டங்களில் 4 கட்ட அகலம் வெற்றிடம் கட்டாயம். பிழை திருத்தம் 'எச்' நிலையில் வையுங்கள், சுமார் 30 சதவீதம் கெட்டாலும் படிக்கும். இணைப்பு நீளமானால் கட்டங்கள் பெருகிப் பொடியாகும், எனவே முகவரி சின்னதாக இருக்கட்டும்.

ஒன்று முக்கியம். இலவசத் தளம் ஒன்றில் எடுத்த குறி எனக்கு இரண்டே வாரத்தில் பணம் கேட்டு நின்றுவிட்டது. பித்தளையில் பொறித்ததை மாற்ற முடியாது. சொந்த டொமைன், அதாவது உங்கள் பெயரில் ஓர் இணைய முகவரி வாங்கி, அதைப் பொறியுங்கள். உள்ளே இருக்கும் பக்கத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

நாச்சியார்கோவில் பட்டறை:
எல்லோருக்கும் நன்றி. தெர்மாகோல் வைத்தேன், படித்தது அண்ணே! பத்து ஸ்டிக்கரையும் வீணாக்காமல் விளக்கோடு கொடுக்கும் அட்டையில் ஒட்டிவிட்டேன்.

டொமைன் வாங்கியாயிற்று. நேற்று ஒரு பீடத்தில் இரண்டு சென்டிமீட்டர் சதுரமாகப் பொறித்து, புளியும் சாம்பலும் போட்டு ஐந்து தடவை தேய்த்தேன். அப்பா தன் பழைய போனை எடுத்துக் காட்டினார். திறந்துவிட்டது. அவர் காவிரி வண்டலில் அச்சு மிதிக்கிற படம்தான் முதலில் வந்தது.